ஜோடியில் ஒன்று போய்விட்டால்…
வாசகர் கேள்வி – பதில்

இணை பிரியாத உயிரினங்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். குமரி மாவட்டத்துக் கடிதங்களில் புறாதான் முன்னால் நின்றது. மச்சில் புறாக்கூடு இல்லாத தெரு குறைவு என்பதால் அதில் வியப்பில்லை. அவசரமான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

என்னிடம் எட்டு ஜோடி சாதாப் புறாக்கள் இருக்கின்றன. ஒரு ஆண் புறாவை வல்லூறு அடித்துவிட்டது. பெட்டை இரண்டு முட்டையில் அடை இருக்கிறது. தனியாகப் பொரித்துவிடுமா? வேறு ஆண் விட்டால் சேருமா?
– வாசகர், தக்கலை

தனியாகப் பொரிப்பது மிக அரிது. புறா இரண்டு ஷிப்டாக அடைகாக்கிற பறவை. காலை ஒன்பது, பத்து மணிக்கு ஆண் உட்கார்ந்தால் பிற்பகல் வரை எழாது. மீதி நேரமும் இரவு முழுவதும் பெட்டையின் பொறுப்பு. ஆண் போய்விட்டதால் பகல் ஷிப்டுக்கு ஆள் இல்லை. பெட்டை இரை தின்ன இறங்கும்போதெல்லாம் முட்டை ஆறும். இரண்டு மூன்று நாளில் கரு செத்துவிடும்.

இன்றே செய்ய வேண்டியது இது. இருட்டிய பிறகு முட்டைக்கு அடியில் செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். அடை தொடங்கி ஐந்து நாள் கடந்திருந்தால், சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள் தெரியும். தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாக, தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். உயிருள்ள முட்டையில் பென்சிலால் குறியிட்டு, ஏறக்குறைய அதே நாளில் முட்டையிட்ட வேறு ஜோடிக்கு மாற்றுங்கள். முன்பின் இரண்டு நாளுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. காரணம் புறாப்பால். அடையின் கடைசி நாட்களில்தான் ஆணுக்கும் பெட்டைக்கும் தொண்டைப்பையில் அந்தப் பால் ஊறத் தொடங்கும். முட்டை முன்கூட்டியே பொரிந்தால் பால் இருக்காது. மிகவும் தாமதமானால் வளர்ப்பு ஜோடி சலித்து எழுந்துவிடும். ஒரே ஜோடிக்கு மூன்று முட்டை வைக்காதீர்கள். மூன்றும் பொரிந்தால் பால் போதாமல் சிறிய குஞ்சு மிதிபட்டுச் சாகும். கூமுட்டை வைத்திருக்கும் ஜோடி இருந்தால் அதுதான் நல்ல இடம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சேரும். புறா ஆயுளுக்கும் ஒரே ஜோடியோடு இருக்கும் என்பது, இரண்டும் உயிரோடு ஒரே கூட்டில் இருக்கும் வரைக்கும் பெரும்பாலும் சரி. துணை செத்தபின் பட்டினி கிடந்து உயிர்விடும் என்பது வெறும் கதை. சில நாள் கூட்டைச் சுற்றித் தேடும், குனுகும். பிறகு புதுத் துணை ஏற்கும்.

பெட்டையைப் பழைய கூட்டில் விட்டு வைக்காதீர்கள். அந்தக் கூடு அதன் சொந்த எல்லை. உள்ளே வருகிற எந்தப் புதுப் புறாவையும் கொத்தும். ஒரு வாரம் தனிக் கூண்டில் நல்ல தீனி கொடுத்து ஓய்வு விடுங்கள். பிறகு ஜோடி கட்டும் கூண்டுக்கு மாற்றுங்கள். மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், நடுவில் கழற்றக்கூடிய கம்பி வலை. ஒரு பக்கம் பெட்டை, மறுபக்கம் துணையில்லாத ஆண். தீனியையும் தண்ணீரையும் வலையை ஒட்டி வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்ன வேண்டும். அங்கிருந்து மற்றப் புறாக்கள் கண்ணில் படக் கூடாது. நான்கு முதல் ஏழு நாளில் ஆண் கழுத்தைப் பொம்மிக்கொண்டு சுற்றிச் சுற்றிக் குனுகுவதும், பெட்டை தலையை ஆட்டுவதும் தெரியும். அன்று மாலை வலையை எடுங்கள். அலகுக்குள் அலகு விட்டால் வேலை முடிந்தது. மண்டையில் கொத்தினால் வலையைத் திரும்பப் போட்டு இன்னும் நான்கு நாள். அதற்கும் மசியாவிட்டால் ஆணை மாற்றுங்கள். சேர்ந்த ஜோடி எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் முதல் முட்டை இடும். இரண்டாவது முட்டை அதிலிருந்து சுமார் 44 மணி நேரம் கழித்து வரும். அதன் பிறகு 17, 18 நாளில் குஞ்சு.

ஐப்பசி அடைமழையிலும் ஆனிச் சாரலிலும் புது ஜோடி கட்டாதீர்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்கூட்டில் குஞ்சுக்கு வாய்ப்புண்ணும் கழிச்சலும் வரும்.

பெட்டை காணாமல் போய் இரண்டு நாள் ஆகிறது. கூட்டில் ஆறு நாள் குஞ்சு இரண்டு. ஆண் ஊட்டுகிறது, ஆனால் ஒன்று மெலிகிறது.
– வாசகர், ஆரல்வாய்மொழி

ஆணுக்கும் பால் உண்டு என்பதால்தான் இதுவரை தாக்குப்பிடித்திருக்கிறது. ஒரு குஞ்சை அது வளர்த்துவிடும். மெலிந்ததை, அதே வயதில் ஒற்றைக் குஞ்சு வைத்திருக்கும் ஜோடியின் கூட்டில் இரவில் வையுங்கள். இரவு முக்கியம். பகலில் வைத்தால் புதிய முகம் என்று கொத்தக்கூடும். குளிர் இன்னொரு சிக்கல். ஆண் இரவில் குஞ்சு மேல் உட்காருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட்டுக்குப் பக்கத்தில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று, குஞ்சு நகர்ந்து விலகிக்கொள்ள இடம் விட்டு.

மாற்றுக் கூடு இல்லையென்றால் கையால் ஊட்டத்தான் வேண்டும். கடையில் கிடைக்கும் பறவைக் குஞ்சுத் தீனி மாவைக் காய்ச்சி ஆறிய நீரில் கூழாகக் கரையுங்கள். ஆறு நாள் குஞ்சுக்கு மோர் பதம், பத்து நாளுக்கு மேல் தோசை மாவு பதம். சூடு 39, 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தொண்டைப்பை வெந்து ஓட்டையாகிவிடும். ஆறிப்போய்விட்டால் பைக்குள்ளேயே தேங்கிப் புளிக்கும். மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்ப்பதை நம்பாமல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கிளிக்குஞ்சு வாய் திறந்து வாங்கும். புறாக்குஞ்சு தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்து உறிஞ்சும். ஆகவே ஊசி இல்லாத சிரிஞ்சின் முன்பக்கத்தை வெட்டி, பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, நடுவில் சின்னக் கீறல் போடுங்கள். குஞ்சின் அலகை அந்தக் கீறலில் நுழைத்தால் அதுவே குடிக்கும். நீங்கள் தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் ஏறிச் செத்துவிடும். கையால் வளர்த்த குஞ்சுகள் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அளவு: ஒரு வேளைக்குக் குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பை தளர்ந்த தண்ணீர் பலூன் போல இருக்க வேண்டும், கல்லாக இறுகக் கூடாது. முந்தைய வேளை வடிந்த பிறகே அடுத்தது. இரண்டு வாரம் கடந்துவிட்டால் எட்டு மணி நேரம் ஊறிய பட்டாணியை ஒவ்வொன்றாக அலகுக்குள் வைக்கலாம்.

என் ஜோடி நான்கு முட்டை இட்டது. இரண்டும் மாறி மாறி அடை இருந்தும் ஒன்றும் பொரிக்கவில்லை.
– வாசகி, மார்த்தாண்டம்

இரண்டும் பெட்டை. புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். துணை கிடைக்காத இரண்டு பெட்டைகள் ஜோடி கட்டிக்கொண்டு, கூடு கட்டி, ஷிப்ட் போட்டு அடைகாப்பது உண்டு. குடித்தனத்தில் குறையே இருக்காது, கருதான் இருக்காது. முட்டைகளை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றையொன்று பார்க்க முடியாத கூண்டுகளில் வைத்து, மேலே சொன்னபடி ஆணோடு சேருங்கள்.

கடிதத்தில் கூட்டுக்குத் தேங்காய் நார் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். நார் குஞ்சின் காலில் சுற்றி இறுகி, கால் கறுத்து விழுந்துவிடும். ஈர்க்கிலை நான்கைந்து அங்குலத் துண்டுகளாக ஒடித்துக் கூட்டின் கீழே போடுங்கள். ஆணே ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும். பெட்டை அடுக்கிக்கொள்ளும். அந்த ஜோடி நிலைப்பதற்கு அந்த வேலையும் உதவும்.

லவ் பேர்ட்ஸ் ஜோடியில் ஒன்று செத்துவிட்டது. மற்றது தின்னாமல் உப்பிக்கொண்டு இருக்கிறது. ஏக்கத்தில் செத்துவிடுமா?
– வாசகி, நாகர்கோவில்

ஏக்கம் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடாதீர்கள். முதல் பறவையைக் கொன்ற நோய் இதற்கும் வந்திருக்கலாம். இறகை உப்பிக்கொண்டு உட்காருவது நோயின் அடையாளம். எச்சம் நீர்த்திருக்கிறதா, வால்பக்கம் அழுக்கு ஒட்டியிருக்கிறதா, மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார்த்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிறு பறவை ஒரு நாள் பட்டினி தாங்காது. கிளி இனங்களிலிருந்து மனிதருக்கு நுரையீரல் காய்ச்சல் தொற்றுவதும் உண்டு. கூண்டை உலர்ந்த நிலையில் தட்டாமல், நனைத்துக் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் இருந்தால் மருத்துவரிடம் பறவை வளர்ப்பதைச் சொல்லுங்கள்.

மூக்கின் மேல் நீலமாகவோ பழுப்பாகவோ மெழுகுத்தோல் இருந்தால் உங்களிடம் இருப்பது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். நம் கடைகளில் அதற்குத்தான் லவ் பேர்ட்ஸ் என்று பெயர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கக் குட்டைவால் கிளிகள், ஒன்பது இனம். ஜோடிப் பிடிப்பு அவற்றுக்குத்தான் கூடுதல். எதுவானாலும் புதுத் துணையை நேரே கூண்டில் விடாமல் 30 நாள் வேறு அறையில் தனியே வைத்துப் பாருங்கள்.

எங்கள் விளையில் சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கொண்டு ஆடியதைப் பார்த்தோம். ஒன்றை அடித்தால் ஜோடி பழி வாங்க வரும் என்கிறார்கள்.
– வாசகர், சுங்கான்கடை

நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள். அது சேர்க்கை அல்ல, மல்யுத்தம். உடலைக் கயிறு போலப் பின்னிக்கொண்டு முன்பாகத்தைத் தூக்கி, ஒன்றின் தலையை மற்றது தரையில் அமுக்கப் பார்க்கும். கடிக்காது. தோற்றது ஓடிவிடும். சாரையும் நாகமும் வெவ்வேறு குடும்பம், இணைவதில்லை. நாகராஜா குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்தில் இப்படிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, ஆனால் உண்மை இதுதான்.

பாம்புக்கு நிலையான ஜோடி கிடையாது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண், பெட்டையின் வாடையைத் தரையில் நக்கி நக்கிப் பின்தொடரும். பெட்டையை அடித்துப் போட்ட இடத்துக்கு இன்னொரு பாம்பு வருவது அந்த வாடைக்காகத்தான். பழி வாங்க அதற்குத் துணை என்ற நினைப்பும் இல்லை, உங்கள் முகமும் ஓர்மை இல்லை. சாரை விஷமற்றது, எலி தின்பது. அடிக்காதீர்கள். வீட்டை ஒட்டிக் கதம்பைக் குவியலும் விறகும் ஓட்டு அடுக்கும் வைக்காதிருந்தால் எலி குறையும், எலி தேடிவரும் பாம்பும் குறையும்.

ஊர்வனவற்றில் உண்மையான ஜோடி வேண்டுமென்றால் ஆஸ்திரேலியா போக வேண்டும். அங்கே குட்டைவால் அரணை ஒன்று வசந்தம்தோறும் அதே துணையைத் தேடிப் போய்ச் சேர்கிறது. இருபது ஆண்டு சேர்ந்த ஜோடிகளும் பதிவாகியுள்ளன.

தென்னையில் செம்பருந்து கூடு கட்டியிருக்கிறது. தேங்காய் வெட்ட ஏறுகிறவரைத் தலையில் அடிக்கிறது. கூட்டைத் தட்டிவிடலாமா?
– வாசகர், ராஜாக்கமங்கலம்

கூடாது. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தட்டினாலும் பயன் இல்லை. செம்பருந்து ஜோடி ஆண்டுதோறும் அதே சுற்றுவட்டத்துக்குத் திரும்பும். அடுத்த மரத்தில் கட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடை 26, 27 நாள். குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க இன்னும் ஏழெட்டு வாரம். மொத்தம் மூன்று மாதத்துக்குள். நீங்கள் 45 நாளுக்கு ஒரு முறை வெட்டுகிறவர் என்றால், அந்த ஒரு மரத்தில் இரண்டு வெட்டு விட்டுப்போகும். அவ்வளவுதான் நட்டம். முற்றிய காய் தானே விழும். அடியில் ஆடு கட்டாதீர்கள், ஆள் நடக்கிற பாதையை மாற்றுங்கள். பக்கத்து மரங்களில் ஏறுகிறவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஏறட்டும். பருந்து பின்னாலிருந்துதான் பாயும். கீழே ஒருவர் நின்று பார்த்துக் குரல் கொடுக்கட்டும். குஞ்சு பறந்த பிறகு காய்ந்த ஓலையைக் கழிக்கலாம்.

பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் பால் வெட்டப் போகும் வழியில், ஒரு இருவாச்சி தினமும் ஒரே மரப் பொந்துக்குப் பழம் கொண்டுபோகிறது. பெட்டையைக் காணோம்.
– வாசகர், குலசேகரம்

பெட்டை உள்ளே இருக்கிறது. பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் மண்ணையும் குழைத்து வாசலைப் பூசி, அலகு நுழையும் பிளவு மட்டும் விட்டிருக்கும். உள்ளே இருக்கும்போது பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். மலை இருவாச்சி என்றால் அடை மட்டுமே சுமார் 40 நாள். குஞ்சு பாதி வளர்ந்ததும் பெட்டை வெளியே வந்து ஆணோடு சேர்ந்து ஊட்டும். குஞ்சு உள்ளிருந்தபடியே வாசலைத் திரும்பப் பூசிக்கொள்ளும். ஆலும் அத்தியும் தொண்டைக்குள் நிரப்பிக்கொண்டு வருகிற ஆண், ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து கொடுக்கும். இத்தனை நாள் இரண்டு மூன்று உயிரும் அந்த ஒன்றை நம்பித்தான். ஜோடி என்பதற்கு இதைவிடக் கடுமையான உதாரணம் நம் மலையில் கிடையாது.

எந்த இருவாச்சி என்று பார்க்க: இறக்கையடிப்பு ரயில் எஞ்சின் போல இரைந்து, அலகின் மேல் மஞ்சள் கொண்டை இருந்தால் மலை இருவாச்சி. அதில் ஆணுக்குக் கண் சிவப்பு, பெட்டைக்கு வெள்ளை. கொண்டை இல்லாமல், சாம்பல் நிறத்தில், சிரிப்பது போலக் கத்தினால் மலபார் சாம்பல் இருவாச்சி.

நீங்கள் வழியை மாற்றத் தேவையில்லை. மரத்தடியில் நிற்காமல் போய்விடுங்கள். ஆள் நின்றால் ஆண் பழத்தோடு தூரத்து மரத்தில் காத்திருக்கும். உள்ளே ஒரு வேளை தவறும். படம் எடுத்து இடத்தின் பெயரோடு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். முழு நாளாகியும் ஆண் வராவிட்டால் பூச்சை உடைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவசியமென்றால் பெட்டை தானே உடைத்து வெளியே வரும். நீங்கள் உடைத்தால், இறகில்லாத நிலையில் கீழே விழுந்து மரநாய்க்கு இரையாகும்.

அன்றில் என்ற பறவை இருந்ததா, புலவர் கற்பனையா?
– தமிழாசிரியர், தோவாளை

இருந்தது, இருக்கிறது என்றே கொள்ளலாம். நெருப்புப் போலச் சிவந்த தலை, இறால் போல வளைந்த அலகு, பனையில் வாழ்க்கை என்று சங்கப் பாடல்கள் அதற்கு அடையாளம் தருகின்றன. உச்சந்தலையில் சிவப்பு உள்ள கருப்பு அரிவாள்மூக்கனோடு இது நன்றாகப் பொருந்துகிறது. அது உயர்ந்த மரத்திலும் பனையிலும் கூடு கட்டும், பெரும்பாலும் இரண்டிரண்டாகத் திரியும். வேறு பறவை என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஒன்று பிரிந்தால் மற்றது கூவிக் கூவி உயிர் விடும் என்பது மட்டும் புலவர் சேர்த்தது. மகன்றில் வேறு. அது நீர்ப்பறவை. இடையில் ஒரு பூ வந்து மறைத்தாலும் ஓராண்டு பிரிந்தது போல வாடுமாம்.

பூச்சிகளில் வாழ்நாள் ஜோடி உண்டா?
– பத்தாம் வகுப்பு மாணவி, கருங்கல்

உண்டு. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல்தான். இறகை உதிர்த்துவிட்டு ஒன்றன் பின் ஒன்றாகத் தரையில் ஊர்ந்து போவதைக் கவனியுங்கள். முன்னால் பெண், பின்னால் ஆண். மண்ணில் துளையிட்டு உள்ளே போய் அடைத்துக்கொண்டால், அந்த ஆண்தான் கறையான் புற்றின் ராஜா. ராணியோடு ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் வாழும். எறும்பில் இப்படி இல்லை. ஆண் எறும்பு சேர்க்கை முடிந்ததும் செத்துவிடும்.

ஆயுள் முழுக்க ஒரே துணை என்பது எந்த விலங்கில்தான் முழு உண்மை?
– வாசகர், குளச்சல்

பறவை இனங்களில் பத்தில் ஒன்பது ஜோடியாகக் குஞ்சு வளர்ப்பவை. ஆனால் டி.என்.ஏ. சோதனை வந்த பிறகு, கூட்டில் உள்ள குஞ்சுகளில் சில பக்கத்து ஆணுடையவை என்று பல இனங்களில் தெரிந்தது. பாலூட்டிகளில் ஜோடி வாழ்க்கையே குறைவு. நம் பக்கத்து நரி அந்தச் சிலவற்றில் ஒன்று. எம்பரர் பென்குயின் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு துணை. அல்பட்ராஸ் பறவை பல பத்தாண்டு ஒரே துணையோடு இருக்கும். ஆனால் 1956இல் பசிபிக்கின் மிட்வே தீவில் வளையம் மாட்டப்பட்ட ‘விஸ்டம்’ என்ற பெட்டை, பழைய துணை வராமல் போன பிறகு புதுத் துணையோடு 2024இலும் முட்டையிட்டது. வலையில் உயிரோடு சிக்கும் கடல்குதிரை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதன் ஜோடி பெரும்பாலும் ஒரு பருவத்துக்குத்தான். பிடித்து வைத்திருப்பது குற்றம், உடனே கடலில் விட்டுவிடுங்கள்.

கடைசி நேரத்தில் வந்த கடிதம்: காணாமல் போன ஆண் புறா இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. பெட்டைக்குப் புது ஜோடி கட்டி, குஞ்சும் இருக்கிறது.
– வாசகர், இரணியல்

இப்போதே பிடித்துத் தனிக் கூண்டில் அடையுங்கள். பழைய ஆண் நேரே தன் பழைய கூட்டுக்குத்தான் போகும். இரண்டு ஆணும் அடித்துக்கொள்ளும்போது குஞ்சுகள் கீழே விழும், முட்டை உடையும். பெட்டை பழைய துணையை அடையாளம் கண்டு அதன் பக்கம் சாய்வதும் உண்டு. அப்படிச் சாய்ந்தால் குஞ்சு பட்டினி. குஞ்சு தானே இரை பொறுக்கத் தொடங்கும் வரை, ஐந்து வாரம் போல, பழைய ஆண் பெட்டையின் கண்ணில் படக் கூடாது. அதற்குப் பிறகு எந்த ஜோடி வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். பழைய ஜோடியைச் சேர்க்க வலைக் கூண்டுகூடத் தேவைப்படாது, ஒரு மாலைப் பொழுது போதும். அப்போது புது ஆணுக்கும் ஒரு பெட்டை பார்த்து, கூட்டத்தின் மறுகோடியில் கூடு கொடுத்துவிடுங்கள்.